பின்சீட்டுக்கு உரியவர்

ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடைபோடத் தெரிந்தவன் என்று என்னைப் பற்றி நானே நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை இருபத்தாறு வருடம் நீடித்தது (அப்போது என் மொத்த வயதே அவ்வளவுதான்). தொண்ணூறுகளில் ஒரு நாள் காலையில், திருவனந்தபுரம் தம்பானூர் ரயில் நிலையத்தில் அது போய்ச் சேர்ந்தது.

நாகர்கோவிலிலிருந்து வந்து, திருவனந்தபுரத்தில் ஒரு மருந்து விநியோகக் கம்பெனியில் சேர்ந்து ஆறு மாதமாகியிருந்தது. வேலை நிரந்தரமாகவில்லை. ஆனால் அப்பா பெண் வீட்டாரிடம் 'பையன் பெர்மனென்ட்' என்று சொல்லி நிச்சயத்தையே முடித்துவிட்டார். எறணாகுளத்திலிருந்து புது மானேஜர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் அந்தப் பொய் உண்மையாகும். அவரை எங்களில் யாரும் பார்த்ததில்லை. கூடவே ஓர் அட்டெண்டரும் வருவதாகத் தகவல்.

"மானேஜருக்குக் காருல பின்சீட்டு. அட்டெண்டர் பெட்டியோட ஆட்டோல வரட்டும். சொதப்பிராதடே" என்று கிளை அதிகாரி என்னை அனுப்பினார்.

இந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம். எல்லாரும் வெள்ளை வேட்டி. எல்லாருக்கும் எல்லாரும் சார். எங்கள் ஆபீசில் டீ கொண்டுவருகிறவர், அதிகாரிக்கு எதிரிலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். யார் பெரியவர் என்பதை இவர்கள் வேண்டுமென்றே ஒளிக்கிறார்கள், அதில் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்று தீர்மானமாக நம்பினேன்.

ரயிலிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் தங்க பிரேம் கண்ணாடியும் கஞ்சி போட்ட வேட்டியுமாக, வெறும் கையோடு நிமிர்ந்து நடந்தார். இன்னொருவர் ரப்பர் செருப்புக்காரர். இரண்டு பெட்டிகளும் அவர் கையில்தான் இருந்தன. (இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?)

கண்ணாடிக்காரருக்குப் பெரிய வணக்கமாகப் போட்டுக் கார் கதவைத் திறந்தேன். பெட்டிக்காரர் முன்னால் வந்து, "தம்பி, மானேஜர் நானாக்கும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சோதிக்கிறார்கள். அட்டெண்டரை மானேஜராக நடிக்கவைத்து, பையன் ஏமாறுகிறானா என்று பார்க்கிறார்கள். நானா ஏமாறுவேன்? "நல்லா நடிக்கீங்க அண்ணாச்சி" என்று கண்ணடித்து, பெட்டிகளோடு அவரை ஆட்டோவில் ஏற்றினேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு என் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது.

ஆபீஸ் வாசலில் ஆட்டோதான் முதலில் வந்திருந்தது. ரப்பர் செருப்புக்காரர் மானேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, கிளை அதிகாரி கைகட்டி நின்றார். வேலை போச்சு, கல்யாணம் போச்சு, அப்பாவின் மானமும் போச்சு.

அப்போது கண்ணாடிக்காரரான அட்டெண்டர் குட்டன் பிள்ளை, இடுப்பைப் பிடித்தபடி உள்ளே வந்தார். "சாரே, எனக்கு நடுவேதனைன்னு ஆரும் பறயாமலே இந்தப் பையன் கண்டுபிடிச்சு. பின்சீட்டுல நீட்டி இருக்க வச்சு. முப்பது வர்ஷத்துல ஆரும் எனக்குக் கார்க்கதவு திறந்ததில்ல" என்றார்.

அவருக்குக் குனிய முடியாத இடுப்பு வலி. அவர் நிமிர்ந்து நடந்ததும், மானேஜர் பெட்டிகளைத் தூக்கியதும் அதனால்தான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அந்தப் பாராட்டைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன்.

மானேஜர் என்னையே பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும். "இவனை நிரந்தரமாக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "பக்ஷே ஆளுகளப் பாக்கிற ஜோலி வேண்டாம். குடோன்ல பெட்டிகளப் பாக்கட்டும்."

கல்யாணம் நடந்தது. முதலிரவிலேயே மனைவியிடம் இதையெல்லாம் உளறியது என் இரண்டாவது முட்டாள்தனம்.

போன வருடம் மகளின் கல்யாணம். சம்பந்தி வீட்டாரை வரவேற்கப் பன்னீர்ச் செம்போடு மண்டப வாசலில் நின்றேன். மனைவி செம்பைப் பிடுங்கிக்கொண்டு ஸ்டோர் ரூம் சாவியைக் கொடுத்தாள். "நீங்க மாப்பிள்ளையோட அப்பாவையே ஆட்டோல ஏத்தி அனுப்பிருவீங்க. உள்ள போயி இருங்க."

மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா எட்டிப் பார்த்து, "ஏய், சும்மாதான இருக்க, ரெண்டு தேங்கா எடுடே" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். பெண்ணோட அப்பா நான்தான் என்று சொன்னால் அவர் நம்பவா போகிறார்?