பின்பக்கத்து இடது ஸ்பீக்கர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மாஸ்டர் ஒரு சபதம் எடுத்தார். பின்பக்கத்து இடது ஸ்பீக்கரைப் பேசவைக்காமல் இன்று ஓய்வதில்லை.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பயிற்சி காரில் அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. வீட்டில் அந்த பிரேக் மனைவியின் காலடியில்.

இரண்டு மாதத்துக்கு முன் ஹோம் தியேட்டர் வாங்கினார். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு. ஐந்தின் சத்தமும் சரிசமமாக வந்து சேரும் இடம் ஹாலில் ஒன்றே ஒன்றுதான் என்று கண்டுபிடித்து, அங்கே ஒற்றை நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். இருவர் உட்காரும் பழைய சோஃபா படுக்கையறைக்குப் போய், துவைத்த துணிகளுக்குச் சிம்மாசனமானது. மனைவிக்குச் சுவரோரம் ஒரு ஸ்டூல். சில நாள் உட்கார்ந்து பார்த்தாள். அப்புறம் படம் போடும்போதெல்லாம் அவளுக்கு அடுப்படியில் வேலை வந்தது. மாஸ்டர் கவனிக்கவில்லை. கவனமெல்லாம் காதில் இருந்தது.

இப்போது இந்தச் சிக்கல். படத்தில் ரயில் வலது பக்கம் தடதடவென்று வருகிறது. இடது பக்கம் போவதற்குள் சைக்கிளாகிவிடுகிறது.

"என்னங்க, சாப்பாடு ஆறுது."

"ரயிலே சைக்கிளா போயிட்டிருக்கு, உனக்குச் சாப்பாடா?"

"சத்தம்தானே குறைச்சல்? அந்தப் பக்கம் நின்னு நீங்க கொஞ்சம் சவுண்டு விடுங்க, சரியாப் போயிடும்."

பின்னால் இருந்த இரண்டு ஸ்பீக்கரையும் இடம் மாற்றி மாட்டினார். வலதில் முழங்கியது இடதுக்கு வந்ததும் முனகியது. "பாத்தியா, ஸ்பீக்கர் மேல தப்பில்ல!" வயரை மாற்றினார். புது வயரிலும் அதே முனகல். டேப் பிடித்துத் தூரம் அளந்தார். கடைசியில் தலை நிறைய ஒட்டடையோடு அலமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார்.

மனைவி துண்டால் அவர் தலையைத் துடைத்துவிட்டாள்.

"எங்க தப்புன்னே பிடிபடலையே" என்றார், பாதிக் குரலில்.

"எனக்கென்ன தெரியும்? ஹால் வெறிச்சுனு இருக்கே, அதனாலயோ என்னவோ. மெத்துமெத்துனு ஏதாவது கெடந்தா..."

மாஸ்டரின் கண் விரிந்தது. "இரு! நானும் அதையேதான் நினைச்சேன்!"

"நீங்க நினைக்காததா?"

ஒற்றை நாற்காலி பால்கனிக்குப் போனது. துணியெல்லாம் கட்டிலுக்குப் போனது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சோஃபாவை நடுஹாலுக்குக் கொண்டுவந்தார்கள்.

"நீயும் உக்காரு. ரெண்டு பேர் வெயிட் இருந்தாத்தான் டெஸ்ட் சரியா வரும்."

உட்கார்ந்தாள். "நீங்க மூச்சு வாங்குங்க, நான் போடறேன்" என்று ரிமோட்டை வாங்கி, அவர் கண்ணாடி துடைக்கும் நேரத்தில் என்னென்னவோ அமுக்கினாள். ரயில் வந்தது. வலதிலிருந்து இடதுக்கு, ஒரு பெட்டிகூடக் குறையாமல் போனது.

"சொன்னேனா இல்லையா! எல்லாம் சோஃபா பண்ற வேலை!"

பதிலுக்கு அவள் தலை அவர் தோளில் சாய்ந்தது. தோளுக்கு அந்தக் கனம் மறந்தே போயிருந்தது.

"இத்தனை நாளா ஏன் படம் பாக்க வரல நீ?"

"ஸ்டூல்ல முதுகு வலிக்குதுங்க."

"சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். வலது காதுல வந்து இடது காதுல போயிடுச்சு."

மாஸ்டர் சத்தத்தைக் கூட்டலாமென்று ரிமோட்டை எடுத்தார். கை தவறி வேறெதையோ அமுக்க, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாகச் சத்தம் ஏற்றி இறக்கும் பக்கம் திரையில் வந்தது. முதல் நாளே சரிசெய்தாயிற்று என்ற நம்பிக்கையில் அவர் இன்று அதைத் திறக்கவே இல்லை. திறந்தவர் யாரோ, கடைசியாகத் தொட்டது பின் இடது என்று அங்கே குறி நின்றிருந்தது.

"நீதானா குறைச்சு வச்சது?"

"படத்தைப் பாருங்க."

கோபப்பட்டுப் பார்த்தார். வரவில்லை. ஆனாலும் மாஸ்டர் அல்லவா?

"அப்போ கோளாறே இல்ல. நாளைக்குக் காலையில சோஃபா உள்ள போயிடும்."

அவள் தோளிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள்:

"போடுங்க. இன்னும் நாலு ஸ்பீக்கர் இருக்கு."