வலது மேல்மூலைப் புள்ளி

"அந்தப் பாட்டை நிறுத்துங்க சிஸ்டர்! இது முடிஞ்சதும் வில்லன் கத்தியோட வருவான்!"

பரிசோதனை மேசையில் இடப்பக்கமாக ஒருக்களித்து, முழங்கால்களை மடக்கிப் படுத்திருந்த ஆபரேட்டர் அலறினார். திரையரங்கில் படம் ஓட்டுவதை விட்டுப் பல ஆண்டுகளாகியும் அந்தப் பட்டப்பெயர் அவரை விடவில்லை. நோயாளியின் மனம் லேசாகட்டுமென்று தலைமைச் செவிலிதான் பழைய பாட்டொன்றைக் கைபேசியில் ஒலிக்கவிட்டிருந்தார். ஆபரேட்டருக்கோ பாட்டைக் கேட்டதும் அடுத்த காட்சி நினைவுக்கு வந்தது, உடம்பு விறைத்தது, குடலுக்குள் சென்றுகொண்டிருந்த கேமராக் குழாய் ஓர் அங்குலமும் நகரவில்லை.

இதயம் பலவீனமென்பதால் அவருக்கு மயக்க மருந்து கூடாது. போன மாதம் இதே மேசையில் அவர் போட்ட கூச்சலில் பரிசோதனை பாதியிலேயே நின்றது. அவருடைய அண்ணனைக் கொண்டுபோனது குடல் புற்றுநோய். இன்றும் பாதியில் நின்றால், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலேயே போய்விடும்.

செவிலி பாட்டை நிறுத்திவிட்டு, அடுத்த உபாயமாகத் திரையை அவர் முகத்துக்கு நேரே திருப்பிவைத்தார்.

"உள்ளே நடக்கறதை நீங்களே பாருங்க ஐயா. பார்த்துட்டா பயம் போயிடும்."

பயம் போயிற்று, அந்த இடத்தில் தொழில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"யாருங்க மெஷின்ல? ஃபோகஸே இல்லை! இடப்பக்கம் பூரா மங்கல்!"

"நான்தாங்க," என்றார் மேசைக்குப் பின்னாலிருந்த இளம் மருத்துவர். "வயிறு உப்பக் கூடாதுன்னு காத்துக்குப் பதிலா வெதுவெதுப்பான தண்ணி விடறேன். அதான் கலங்குது."

"ஹீரோயினே வரலை, அதுக்குள்ள மழைக் காட்சியா? லென்ஸைத் துடைங்க டாக்டர்! எங்க தியேட்டரா இருந்தா இந்நேரம் சீட்டைக் கிழிச்சிருப்பாங்க!"

மருத்துவர் அவசரப்பட்டுக் குழாயைத் தள்ளினார். குழாய் ஒரு வளைவில் முட்டிக்கொண்டது. ஆபரேட்டர் போட்ட "ஐயோ!", வெளியே நாற்காலியில் காத்திருந்த அவருடைய மனைவி வரைக்கும் எட்டியது.

செவிலி ஒரு கையால் அவர் வயிற்றை அழுத்திப் பிடித்து, மறுகையால் அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

"உங்க வேலையைப் பத்திச் சொல்லுங்க. மூச்சை மெதுவா விட்டுக்கிட்டே சொல்லுங்க."

இத்தனை ஆண்டுகளில் அப்படி அவரை யாரும் கேட்டதில்லை. அந்தத் திரையரங்கு இருந்த இடத்தில் இப்போது மேசை நாற்காலிக் கிடங்கு. ஆபரேட்டரின் குரல் தணிந்தது. மாடிப்படியின் உச்சியில் அடுப்பாய்க் கொதித்த சின்ன அறை. சுவரில் ஒரு சதுரத் துவாரம். அதன் வழியே பாய்ந்த ஒளியில் மிதந்த தூசி. கீழே இருட்டில் ஒரே சமயத்தில் சிரிக்கும் எண்ணூறு பேர்.

"ரெண்டு மெஷின் இருக்கும் சிஸ்டர். ஒரு ரீல் முடியப்போறப்ப, படத்தோட வலது மேல்மூலையில ஒரு புள்ளி மின்னும். ஜனங்க கண்ணுல படாது. அதைப் பார்த்ததும் அடுத்த மெஷினை ஓட்டணும். விட்டோம்னா திரை வெள்ளையாயிடும். முப்பது வருஷத்துல ஒரு புள்ளியைக்கூட நான் தவறவிட்டதில்லை!"

சொல்லச் சொல்ல உடம்பு தளர்ந்தது. குழாய் வளைவைத் தாண்டி வழுக்கிச் சென்று பெருங்குடலின் எல்லையைத் தொட்டது. இனி, சுற்றிலும் பார்த்தபடி மெல்ல வெளியே இழுக்க வேண்டியதுதான். மருத்துவர் முதன்முறையாகப் புன்னகைத்து, குழாயைப் பின்னுக்கு இழுக்கத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்து ஆபரேட்டர் எகிறி எழப் பார்த்தார்.

"ரீலு! ரீலை மாத்துங்க!"

"புடிங்க சிஸ்டர்! ஐயா, வலிக்குதா?"

"வலியாவது ஒண்ணாவது! வலது மேல்மூலையில புள்ளி வந்துட்டுப் போச்சே, பார்க்கலையா?"

"தண்ணிக் குமிழியா இருக்கும்..."

"குமிழிக்கும் புள்ளிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? பின்னாடி ஓட்டுங்க!"

முனகிக்கொண்டே மருத்துவர் குழாயை மீண்டும் உள்ளே செலுத்தினார். ஒரு மடிப்பின் மறைவில், பட்டாணியளவில் ஒரு சதைமொட்டு. கம்பிச் சுருக்கால் அதை அறுத்தெடுத்தபோது ஆபரேட்டர் முணுமுணுக்கக்கூட இல்லை. "இப்பத்தான் ஃபோகஸ் சரியா இருக்கு," என்று மட்டும் சொன்னார்.

மருத்துவர் வெளியே வந்தபோது ஆபரேட்டரின் மனைவி கைப்பையை இறுகப் பிடித்தபடி எழுந்து நின்றார்.

"பயப்படாதீங்கம்மா. முழுசாப் பார்த்தாச்சு, இருந்ததையும் எடுத்தாச்சு. விட்டிருந்தா சில வருஷத்துல கெட்டதா மாறியிருக்கலாம். நான் தாண்டிப் போயிட்டேன். உங்க வீட்டுக்காரர்தான் கண்டுபிடிச்சார். முப்பது வருஷத்துல ஒரு புள்ளியைக்கூடத் தவறவிட்டதில்லையாமே!"

"யாரு, இவரா?" அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அந்தத் தியேட்டர்ல டிக்கெட் குடுத்தவ நான். தினமும் திரை வெள்ளையாகும், ஜனங்க விசிலடிப்பாங்க, நான் மாடியேறிப் போய் இவரைத் தட்டி எழுப்புவேன். அப்படி எழுப்பி எழுப்பித்தான் எங்க கல்யாணமே நடந்துச்சு. இவர் முழிச்சிருந்து பார்த்த முதல் புள்ளியே இதுதான் டாக்டர்!"