ரீனுஸ் மாட்டிய காற்றுக்குழாய்

மனித நாகரிகம் என்பதே கெட்ட காற்றை வெளியே தள்ளி, நல்ல காற்றை உள்ளே இழுத்த கதைதான். அந்தக் கதையின் உச்சகட்டத்தை டெவென்டர் நகரில் தன் வீட்டுப் பரணில் எழுதி முடித்துவிட்டதாக ரீனுஸ் நம்பினார். ஆனால் மனைவி டினெக்கேயின் பிறந்தநாளான இன்று, அவர் கழிப்பறைக் கதவையே வெறித்துக்கொண்டிருந்தார்.

ஒருவர் வெளியே வந்தால் அடுத்தவர் உள்ளே போனார். போனவர் லேசில் திரும்பவில்லை.

விருந்தாளிகள் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஆளுக்கு ஒரு துண்டு கேக்கோடு உட்கார்ந்திருந்தார்கள். வந்ததும் எல்லோரும் அந்த ஊர் வழக்கப்படி ரீனுஸுக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னார்கள். மனைவியின் பிறந்தநாளுக்குக் கணவனுக்கும் ஒரு வாழ்த்து. ரீனுஸ் அதைத் தான் பரணில் புதிதாகப் பொருத்திய காற்றோட்ட இயந்திரத்துக்கென்று எடுத்துக்கொண்டு, "ஆமா, எல்லாக் குழாயும் நானே மாட்டினது" என்றார்.

தெருச் சங்கத் தலைவி வெல்ட்காம்ப் அம்மாளும் வந்திருந்தார். அந்த வரிசையில் மற்ற வீடுகளுக்கும் இதே இயந்திரம் வரப்போகிறது. அவர் தலையை ஆட்டிவிட்டால் போதும், அத்தனை வீட்டுக்கும் ரீனுஸ்தான் குழாய் மாட்டுவார். அந்த அம்மாள் கேக்கைப் பாதியில் வைத்துவிட்டுக் கழிப்பறைக்குள் போயிருந்தார்.

"கேக்கு ஒத்துக்கலையா?" என்று பக்கத்து வீட்டு ஒக்கேயிடம் கிசுகிசுத்தார் ரீனுஸ்.

"கேக்கு அருமை."

"அப்புறம் ஏன் ஆளாளுக்கு உள்ள போறாங்க?"

"வயசாச்சுல்ல" என்று சொல்லிவிட்டு ஒக்கேயும் போய் வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பெண் நின்றாள். இத்தனை பேர் போயும் தண்ணீர் விடும் சத்தம் மட்டும் கேட்கவே இல்லை.

ரீனுஸுக்குப் பொறி தட்டியது. நாற்றம்! அது போகும்வரை மரியாதைக்காக உள்ளேயே காத்திருக்கிறார்கள்.

பரணுக்கு ஓடினார். கழிப்பறையிலிருந்து வரும் நெளிவுக்குழாய் பாம்பு மாதிரி வளைந்து கிடந்தது. இழுத்து விறைப்பாக்கி, மிச்சத்தை வெட்டியெறிந்து, டேப் சுற்றினார். இறங்கி வந்தால் வரிசை நீண்டிருந்தது.

சமையலறையில் டினெக்கேயும் தங்கை யோலாண்டாவும் சீஸ் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அங்க வந்து பாரேன், டினெக்கே..."

"கைவேலையா இருக்கோம். கதவச் சாத்திட்டுப் போ."

மறுபடியும் பரண். கழிப்பறைக் குழாயும் சமையலறைக் குழாயும் ஒரே பெட்டியில் சேரும் இடத்தில், பஞ்சு வைத்துத் தலையணைபோல ஒரு தடித்த துண்டு இருந்தது. "காத்து என்ன, தூங்கவா வருது?" என்று அதைக் கழற்றிப்போட்டு நேராக இணைத்தார்.

இறங்கி வந்தபோது கழிப்பறைக்குள் இரண்டிரண்டு பேராகப் போய்க்கொண்டிருந்தார்கள். உள்ளே யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம்.

வெல்ட்காம்ப் அம்மாள் தலையை மட்டும் வெளியே நீட்டினார். "ரீனுஸ், மெஷின் கொஞ்சம் உறுமுது. குறைக்க முடியுமா?"

"தாராளமா!" குறைத்தார். வீடே நிசப்தமானது. கூடம் காலியாகி, கழிப்பறை வாசலில் கூட்டம் நெருக்கியடித்தது.

கடைசியில் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ரீனுஸின் கையைப் பிடித்தார். "பேசி முடிவு பண்ணிட்டோம். எங்க எல்லார் வீட்லயும் அச்சு அசலா இதே மாதிரி மாட்டிக் குடுத்துடுங்க."

ரீனுஸ் அவர் கையைக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார். "அதுல ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது!"

"அளவெடுக்கணும்னா இப்பவே எடுத்துடு" என்றார் ஒக்கே. "செவ்வாய்க்கிழமை நீ நீச்சலுக்குப் போனதும், இதையெல்லாம் பிச்சுப்போட்டு ஒழுங்கா மாட்ட ஒரு ஆளு வரான்னு டினெக்கே சமையலறையில தங்கச்சிகிட்ட சொன்னது, குழாய் வழியா உள்ள தெளிவா கேட்டுது."