பூட்டண்ணன் காத்த கோப்பு

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் தேடினாலும் பூட்டண்ணனைப் போல ஒரு சந்தேகப் பிராணி கிடைக்காது.

வீட்டில் அடி தாங்காமல் ஓடிவரும் பெண்களுக்கு ஒதுங்க இடம் பார்த்துக் கொடுப்பது எங்கள் அலுவலகம். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற விபரமெல்லாம் சேர்வர் என்ற பொதுக் கணினிக்குள். அதைப் பார்த்துக்கொள்பவர் பூட்டண்ணன். எங்கள் எல்லோருடைய பாஸ்வேர்டும் மறைகுறியாகக் கிடந்த கோப்பு 'ரூட்' என்ற தலைமைக் கணக்குக்கு மட்டுமே சொந்தம். வேறு யாரும் திறக்கமுடியாது. காலையில் தேத்தண்ணிக்கு முன் ஒருதரம், மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரிக்கமுன் ஒருதரம் அதைச் சரிபார்ப்பார்.

நாங்களோ லீவில் போகும்போது பாஸ்வேர்டைத் துண்டில் எழுதிப் பக்கத்து மேசையில் ஒட்டிவிட்டுப் போகிற சனம். பூட்டண்ணன் கண்டால் அந்தத் துண்டை வாயில் போட்டு மென்றுவிடுவார்.

புதிதாக ஒரு பணிப்பாளர் வந்தார். கதிரை முதல் மின்விசிறி வரை பொருட்பதிவில் தன் பெயரில் இருக்கவேண்டும் அவருக்கு.

"ஆர் இந்த ரூட்? நம்மட ஆக்கள்ர லிஸ்ட்டில அப்படி ஒருத்தரும் இல்லையே! கோப்ப என்ட பேருக்கு மாத்துங்க."

"அது ஆள் இல்ல சேர். ஒங்கட பேருக்கு மாத்தினா, ஒங்கட கதிரையில ஆர் குந்தினாலும் களவெடுக்கலாம்."

"அப்ப என்னையும் கள்ளன் எண்டுறீங்களா?"

"ஒங்களையும்தான் சேர்."

பூட்டண்ணன் வேலைக்கு இடைஞ்சல் என்று அலுவலகத்தில் ஒரு முறைப்பாடு எழுதினார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. துண்டை மென்ற கோபம். வேலை பறிபோய், பூட்டண்ணன் வீட்டுக்குப் போனார். அவருக்குப் பதிலாக வந்தவர் முதல் நாளே கோப்பைப் பணிப்பாளர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார்.

பணிப்பாளரின் கணினியில் கிரிக்கெட் பார்க்க வருகிறவர்களுக்குக் கணக்கில்லை. அதில் ஒருவன் கோப்பைப் பிரதி எடுத்து, என் பாஸ்வேர்டை உடைத்தான். என் மகளின் பெயர்தானே, எவ்வளவு நேரம் பிடிக்கும்! அதால் நுழைந்து எடுத்த விபரம் கைமாறி, சில நாளில், வந்தாறுமூலைப் பக்கம் ஒளிந்திருந்த ஒரு பெண்ணின் வாசலில் அவளுடைய புருசன் கத்தியோடு நின்றான். பின்வேலி பாய்ந்து தப்பினாள். விசாரணையில் குற்றம் இயந்திரத்தின் தலையில் விழுந்தது. இயந்திரத்துக்கு வாயில்லை, எங்களுக்கு வெட்கமில்லை.

காத்தான்குடியில் ஒரு போன் திருத்தும் கடையில் பூட்டண்ணனைத் தேடிப் பிடித்தேன். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கமுன் அவரே கேட்டார்.

"அந்தப் புள்ள உசிரோட இருக்காளா தங்கச்சி?"

"ஓம் அண்ணன். வேற இடத்துக்கு மாத்தித்தம்."

"நல்லம். எங்க எண்டு எனக்குச் சொல்லாதீங்க."

கடைக்குள் சனம் நின்றது. நான் அழுதேன்.