கார் நிறுத்துமிடத்தில் கடற்பாசி

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. உன் மச்சானின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். உன் வீட்டில் முழங்கால் உட்பட எல்லாம் சுகமாக இருக்கட்டும்.

நான் அஞ்சாவதுதான் படித்தவள், உன் கம்பெனி விஷயத்தில் மூக்கை நுழைக்க மாட்டேன். ஆனால் என் பேத்தி அங்கே வேலை பார்க்கிறாள், நீ முதலாளி, நான் உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், அதனால் நுழைக்கிறேன். நேற்று அவளுக்குச் சாப்பாடு கொண்டு கடற்கரைக்குப் போனேன். தண்ணீர் வற்றிய பாறைமேல் அவள் ஒரு சதுரக் கம்பிச் சட்டத்தைப் பார்க்காமல் வீசுகிறாள். அது விழுந்த இடத்துப் பழுப்புப் பாசியை வெட்டி எடை போடுகிறாள். இப்படிப் பல இடத்தில் பார்த்தால்தான் மொத்தம் எவ்வளவு இருக்கிறது, அதில் எவ்வளவு வெட்டினால் மறுபடி வளரும் என்று தெரியுமாம். உன் மேனேஜருக்குப் பொறுக்கவில்லை.

“அங்க எதுக்கும்மா வீசுற? வெறும் பாறை.”

“வெறும் பாறையும் கணக்குல வரணும் சார்.”

“கம்பெனி பாறை வாங்கலம்மா!” என்று சட்டத்தைப் பிடுங்கி, பாசி மெத்தை போலக் கிடந்த இடமாகத் தேடிப் போனவர் வழுக்கி உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் அடர்த்தியாக இருந்ததால் அதையே எடை போடச் சொல்லி, கரை முழுக்க இதே அளவு என்று பெருக்கிக் கணக்குப் போட்டுவிட்டார். என் கொண்டையை எடை போட்டு, உன் மச்சானின் வழுக்கையையும் சேர்த்து வீட்டு முடிக்கணக்கு எழுதின மாதிரி. “சார், இந்த எடத்துல கார் நிக்குது” என்று இவள் வரைபடத்தைக் காட்டினால், “வளர்ற கம்பெனிம்மா, பெருசா யோசி” என்கிறார்.

அடியில் கொஞ்சம் விட்டு வெட்டினால் பாசி துளிர்க்கும், பாறையோடு சுரண்டினால் போயே போச்சு என்று இவள் தொண்டை வற்றச் சொல்லியாயிற்று. மொத்தத்தையும் வாரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு வேலை கிடையாதாம். என் பேத்தி பொய்க்குக் கையெழுத்துப் போட மாட்டாள், அது நம் அப்பா ரத்தம். உன் பங்கு மட்டும் எங்கே கசிந்ததோ! தம்பி, சொந்தம் என்று எதற்கு இருக்கிறது? கூடப்பிறந்தவளுக்காக ஒரு வார்த்தை சொல்லி அவள் வேலையைக் காப்பாற்று.

நீயும் உன் பெண்டாட்டி பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க என் ஆசீர்வாதம். மேனேஜரின் இடுப்பையும் விசாரித்ததாகச் சொல்.

அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது பேத்தி வந்தாள். காலையிலேயே உன் வேலையை விட்டுவிட்டாளாம். பாசி வெட்ட அனுமதி கொடுக்கிற அரசாங்க ஆபீசில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள், கிடைத்துவிட்டது. அவள் மேஜைக்கு வரப்போகும் முதல் விண்ணப்பம் உன்னுடையதுதான். ஆகவே தம்பி, அக்கா சொந்தம் என்று சொல்லிக்கொண்டு சிபாரிசுக்கு இந்தப் பக்கம் வந்துவிடாதே. ஆபீஸ் விஷயத்தில் உறவைக் கலப்பது எனக்குக் கட்டோடு பிடிக்காது.