“ஏங்க” என்றது பெட்டி

“ஏங்க, சோறு ஆறுது, வாங்க!”

தோட்டத்து மன்றத்துச் சுவரில் இருந்த பெட்டி கூப்பிட்டதும், கேரம் ஆடிக்கொண்டிருந்த ஐந்து கணவன்மாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

“யாரு வீட்டுல?” என்றார் தங்கராஜு.

“எல்லாக் குரலும் தகரத்துல போட்ட தவளை மாதிரி இருக்கு. எப்படிலா தெரியும்?” என்றார் நல்லசாமி.

பெட்டியைச் செய்தவன் தேவதாஸ். ரவாங் டவுனில் காசெட் ரேடியோ செய்யும் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. சனங்கள் நினைத்தபோது பேசிக்கொள்ள ஒரு வசதி வேண்டும் என்று, லயத்தில் வரிசையாக இருந்த ஆறு வீடுகளிலும் பொத்தான் வைத்து மன்றத்துக்குக் கம்பி இழுத்திருந்தான். பெண்டாட்டிகள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள் என்பது, கல்யாணமாகாத அவனுக்குத் தோன்றவேயில்லை.

“பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கக்கா,” என்று தங்கராஜுவின் மனைவி புஷ்பவள்ளியிடம் கெஞ்சினான்.

“ஐயோ, அவரு ஆயுசு என்னாவுறது?”

பிள்ளை பேரைச் சொல்லச் சொன்னான். லயத்தில் மூன்று கங்கா. “கங்கா அப்பா!” என்றதும் மூன்று பேர் ஓடினார்கள், இரண்டு பேர் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

போதாததற்கு, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு “ஏங்க” தினமும் வந்தது. ஐந்து பேரும் போய்விட்டு வந்து, “என் வீட்டுல இல்லையாம்லா,” என்றார்கள்.

ஒன்பதாம் நாள் மணி வைத்தான். முதல் வீட்டுக்கு ஒரு தடவை, ஆறாம் வீட்டுக்கு ஆறு தடவை. ஐந்தாம் வீட்டுக்காரி அடிக்க ஆரம்பித்தால் முதல் மணியிலேயே தங்கராஜு கிளம்பினார், இரண்டாவதில் நல்லசாமி. அவள் அடித்து முடிப்பதற்குள் மன்றம் காலி.

மறுநாள், தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் கார்த்திகேசு வந்து நின்றார். மனைவியை இழந்தவர், ஆறாம் வீட்டில் அவரும் மகள் சந்திரிகாவும் மட்டும். சந்திரிகாவைப் பெண் கேட்க, தேவதாஸ் மூன்று மாதமாகத் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னைக்குச் சரியாகலைன்னா கழட்டிரு. ஒரு பெட்டிய ஒழுங்காப் பேச வைக்கத் தெரியாதவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?” என்றுவிட்டு, சைக்கிளில் புக்கிட் பெலிம்பிங் பக்கம் போனார்.

தேவதாஸ் கம்பிகளையெல்லாம் பிரித்து மறுபடி மாட்டினான். ஆண்கள் சலித்துப்போய் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மன்றத்தைக் கூட்டிப் பெருக்கும் அன்னம்மா மட்டும் இருந்தாள்.

மணி அடித்தது. ஆறு தடவை.

“ஏங்க… சாப்பிட்டீங்களா?”

“பாத்தீங்களாக்கா? பொண்டாட்டி இல்லாத மண்டோரை ‘ஏங்க’ன்னு கூப்பிடுது. சுத்தமாக் கெட்டுப்போச்சு!” தேவதாஸ் மறுபடி திருப்புளியை எடுத்தான்.

அன்னம்மா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

“அப்பன் வெளிய போற நேரம் பார்த்து அந்தப் பொண்ணு பத்து நாளா உன்னையத்தான் கூப்பிடுது; நீ என்னடான்னா பெட்டியப் பிரிச்சுக்கிட்டே இருக்கியே, தம்பி!”