முந்திக்கொண்டு திறந்த கதவு

ஒரு காட்டில் முயல்வளைகளுக்கெல்லாம் மின்கதவு போட்டிருந்தார்கள். எல்லாக் கதவுகளையும் ஆலமரப் பொந்தில் இருந்த ஒரே கணினி பார்த்துக்கொண்டது. வாசலில் முன்னங்காலை வைத்தால் ஆளை அடையாளம் கண்டு கதவைத் திறக்கும்.

அந்தக் கணினியின் பிராசஸர் வேகமானது. வந்திருப்பது யார் என்று சரிபார்த்து முடிக்கும்வரை சும்மா இருக்க அதற்குப் பிடிக்காது. எப்படியும் வீட்டு முயலாகத்தான் இருக்கும் என்று ஊகித்து, கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்துக்கொள்ளும். ஊகம் தப்பென்று தெரிந்தால் சத்தமில்லாமல் மூடிவிடும். மூடிவிட்டால் எதுவும் நடக்காத மாதிரிதான் என்பது அதைச் செய்தவர்களின் எண்ணம்.

நரி ஒவ்வொரு வாசலிலும் காலை வைத்துப் பார்த்தது. ஒரு கதவும் அதற்கு முழுதாகத் திறக்கவில்லை. ஆனால் அந்த விரற்கடையில் மூக்கை வைத்து, எந்த வளையில் குட்டிகள் இருக்கின்றன, எவை கொழுத்தவை என்று தெரிந்துகொண்டது.

பவுனு என்ற முயல் அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. கதவோரத்தில் நரியின் எச்சிலைப் பார்த்துவிட்டு, கணினியைக் கவனித்துவந்த முள்ளம்பன்றியிடம் ஓடியது.

"அண்ணே, அந்த பிராசஸரைக் கழட்டிட்டு வேற போடுங்க."

"வேற எங்கே இருக்கு? செஞ்சவங்களைக் கேட்டாச்சு. அது பழுதில்லையாம், சிறப்பம்சமாம்."

"குட்டி என்னோடதுண்ணே."

"பயப்படாதே. இயங்குதளத்துல பாத்துக்கலாம்."

முள்ளம்பன்றி உட்கார்ந்து நிரல் எழுதியது. பிராசஸர் ஊகிக்கத் தொடங்கும்போதெல்லாம் இயங்குதளம் அதைப் பிடித்து நிறுத்தும். அதுவரை நினைத்ததையெல்லாம் மறக்கச் சொல்லி, முதலிலிருந்து ஆரம்பிக்க வைக்கும். மறுநாளிலிருந்து நரிக்கு விரற்கடைகூடக் கிடைக்கவில்லை. காடு முள்ளம்பன்றிக்கு மாலை போட்டது. மாலை முட்களில் நன்றாக நின்றது.

கதவு திறக்கத்தான் நேரமானது. முன்பு இமைப்பதற்குள் திறந்தது. இப்போது வாசலில் நின்றபடி ஒரு பிடி அருகம்புல்லை மென்று முடித்துவிடலாம். இடையில் காலை எடுத்தால் மறுபடியும் முதலிலிருந்து. முயல்கள் பழகிக்கொண்டன.

ஒரு மாலை பவுனு வாசலில் காலை வைத்து நின்றது. கதவுத் திரையில் காத்திருக்கச் சொல்லும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே குட்டிகள் பசியில் கத்தின. நரி வந்து, வரிசையில் நிற்பதுபோல் பின்னால் நின்றது.

"என்னக்கா, இன்னும் சுத்துதா?"

"சுத்துது."

"அப்டேட் நல்லா பண்ணியிருக்காரு. என்னால எதையும் மோந்துகூடப் பாக்க முடியல."

"அதுக்குத்தானே போட்டது."

"என்னைப் பாத்தப்புறமும் ஓடாம நிக்கிறீங்களே?"

"காலை எடுத்தா முதல்லேருந்து சுத்தும். முக்கால்வாசி ஆயிடுச்சு."

"அதுவும் சரிதான்," என்றது நரி. "எனக்கு அவசரமில்லை. முடியட்டும்."

வாசலில் பச்சை விளக்கு எரிந்தது. வந்திருப்பது பவுனுதான் என்று கணினி ஐயமறத் தீர்மானித்துவிட்டது. நரி அதற்காகத்தான் காத்திருந்தது.

கதவு முழுதாகத் திறந்தபோது வாசலில் பவுனு இல்லை. கணினி அதைப் பார்க்கவில்லை. பார்க்கும் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டிருந்தது. நரி வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனது.

காட்டுக் கூட்டத்தில் முயல்கள் அழுதன. முள்ளம்பன்றி பொறுமையாக விளக்கியது. கதவு யாருக்குத் திறக்க வேண்டுமோ அவருக்குத்தான் திறந்திருக்கிறது. ஊகம் எதுவும் நடக்கவில்லை. இருந்தாலும் அடுத்த அப்டேட்டில், கதவு திறப்பதற்குமுன் இன்னொரு தடவையும் சரிபார்க்கும்.

"அப்போ இன்னும் நேரமாகுமே," என்றது ஒரு முயல்.

"ஆகும். வாசலுக்கு வாசல் பெஞ்சு போட்டுத் தர்றோம்."

"எவ்வளவு பெருசு?"

"ரெண்டு பேர் தாராளமா உக்காரலாம்."

நீதி: பிராசஸரை மாற்ற முடியாவிட்டால் கவலைப்பட வேண்டாம், முயல்களை மாற்றிக்கொள்ளலாம்.